பூட்டைத் திறந்த பிறகு: பள்ளி நூலகத்தை நடத்த முழுமையான வழிகாட்டி

ஒரு பள்ளி நூலகத்தின் நிலைமையை அறிய அலமாரியைப் பார்க்கத் தேவையில்லை. இரவல் பதிவேட்டைப் புரட்டினால் போதும். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை புத்தகம் வெளியே போயிருக்கிறது என்று கூட்டி, பள்ளியின் மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றுக்கும் கீழே வந்தால் அந்த அறையைப் புத்தகக் கிடங்கு என்றுதான் சொல்ல வேண்டும், சுவரில் என்ன பெயர்ப்பலகை தொங்கினாலும்.

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பெரும்பாலான பள்ளிகள் சறுக்குவது இந்த முதல் படியிலேயே. காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பயம். புத்தகம் தொலைந்தால் நூலகர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை எந்த நூலகரும் பூட்டைத் திறக்க மாட்டார். ஆகவே எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வரை இழப்பு இயல்பானது, அதற்கு நூலகர் பொறுப்பல்ல. சதவீதம் எவ்வளவு என்பதைப் பள்ளி முடிவு செய்யட்டும். அந்த ஒரு தாள் இல்லாமல் கீழே சொல்லப்போகும் எதுவும் நெடுநாள் நிற்காது.

1. முதல் இரண்டு வாரம்: எண்ணுங்கள், கவனியுங்கள்

மூன்று கணக்குகள் தேவை. வகுப்புவாரியாக எத்தனை இரவல். மூன்று ஆண்டுகளாக யாருமே தொடாத புத்தகங்கள் எத்தனை. திரும்பத் திரும்பப் போகும் தலைப்புகள் எவை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தால் கடைசி முத்திரையைப் பார்த்தாலே இரண்டாவது கணக்கு வந்துவிடும்.

பதிவேடே சரியாக இல்லாத நூலகத்துக்கு ஒரு சுலப வழி உண்டு. இன்றிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் சிறிய வண்ணப் பொட்டு ஒட்டுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் அலமாரி முன் நின்று பார்த்தால் எந்தத் தட்டு உயிரோடு இருக்கிறது, எது உறங்குகிறது என்று கண்ணே சொல்லும்.

உள்ளேயே உட்கார்ந்து படிக்கப்படும் புத்தகங்கள் எந்தக் கணக்கிலும் வராமல் போகும். அதனால், எடுத்த புத்தகத்தை மாணவர்களே திரும்ப அடுக்க வேண்டாம், மேசையில் விட்டுவிடலாம் என்று சொல்லிவிடுங்கள். மாலையில் மேசையில் கிடப்பதை எண்ணினால் அன்றைய உட்பயன்பாடு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: தவறான தட்டில் செருகப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம்.

எண்ணிக்கையில் வராத விஷயங்களையும் பாருங்கள். யார் உணவு இடைவேளையில் தினமும் தனியாக வந்து மூலையில் உட்காருகிறார்கள்? எந்த வகுப்பு அறவே வருவதில்லை? விளையாட்டுத் திடலில் இடம் கிடைக்காத குழந்தைக்கு நூலகம் ஒரு புகலிடம். அந்தக் குழந்தை புத்தகமே எடுக்காவிட்டாலும் வாசலை மூடிவிடாதீர்கள்.

2. கழித்துக்கட்டுதல்

புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதைக் கழிக்க வேண்டும். இதைச் சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. புத்தகத்தைத் தூக்கிப் போடுவது பாவம் என்ற எண்ணம் ஆழமானது. ஆனால் நிரம்பி வழியும் தட்டில் நல்ல புத்தகம் கெட்ட புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மஞ்சளித்த முதுகுகளின் வரிசையைப் பார்க்கும் பத்து வயதுக் குழந்தை, இங்கே தனக்கு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறது.

கழிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை. தகவல் தவறாக இருக்கிறதா? கிழிந்து, பூஞ்சை பிடித்து, கையில் எடுக்கவே கூசும்படி இருக்கிறதா? இதைவிடப் புதிய பதிப்பு இருக்கிறதா? இந்தப் பள்ளியின் வயதுக்கும் பாடத்துக்கும் தொடர்பில்லையா? வேறு இடத்தில் எளிதாகக் கிடைக்குமா?

முதல் கேள்விக்கு வானியல் தட்டிலேயே சோதனை வைக்கலாம். புளூட்டோவைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2006-ல் குறுங்கோள் என்று மாற்றி வகைப்படுத்தியது. உங்கள் நூலகத்தில் ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகங்கள் எத்தனை? அட்லஸை எடுத்துப் பாருங்கள், 2011-ல் உருவான தெற்கு சூடான் இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்த அட்லஸ் குழந்தைக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

துறைக்குத் துறை ஆயுள் வேறு. கணினி நூல்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் பழசாகிவிடும். மருத்துவம், உடல்நலம், புவியியல் போன்றவற்றை ஐந்து ஆண்டு தாண்டினால் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். கதை, கவிதைக்கு வயது கிடையாது. யாராவது எடுக்கிறார்களா, தாள் நன்றாக இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள், வட்டார வரலாறு, உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்கள் ஆகியவற்றை மட்டும் கழிக்கவே கூடாது. அவை வேறு எங்கும் கிடைக்காது.

ஒரே நாளில் செய்யாதீர்கள். வாரம் ஒரு தட்டு போதும். கழிக்கும் ஒவ்வொன்றையும் சேர்க்கை எண்ணுடன் (பதிவேட்டில் அந்தப் பிரதிக்குக் கொடுத்த வரிசை எண்) பட்டியலிட்டு, ஆசிரியர் இருவரிடமும் தலைமை ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்கி, புத்தகத்தில் 'கழிக்கப்பட்டது' என்று முத்திரை குத்துங்கள். பட்டியல் இல்லாமல் கழித்தால் இரண்டு ஆண்டு கழித்து வரும் தணிக்கையில் அவை அத்தனையும் தொலைந்த புத்தகங்களாகத் தெரியும். தவறான தகவல் உள்ளதை இன்னொரு பள்ளிக்கு நன்கொடையாகத் தள்ளிவிடுவதும் சரியில்லை. நமக்கு ஆகாதது அவர்கள் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?

3. அறையும் அலமாரியும்

கழித்து முடித்ததும் ஒவ்வொரு தட்டும் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே நிரம்பியிருக்கட்டும். மீதி இடத்தில் இரண்டு மூன்று புத்தகங்களை அட்டை தெரியும்படி நிறுத்தி வையுங்கள். சிறு குழந்தைகள் முதுகைப் படிப்பதில்லை, அட்டையைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார்கள். அட்டை காட்டி நிற்கும் புத்தகத்தை வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் அதுவும் சுவரோடு சுவராகிவிடும்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான அலமாரியின் மேல்தட்டு 120 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வரிசைகளுக்கு நடுவே 90 சென்டிமீட்டராவது விடுங்கள், சக்கர நாற்காலி நுழைய வேண்டும். தட்டின் ஆழம் சாதாரணப் புத்தகத்துக்கு 25 சென்டிமீட்டர், படப் புத்தகத்துக்கு 30. ஒரே பலகையை 90 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் போட்டால் நடுவில் தொய்யும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும், முதுகுப் பலகை சுவரை ஒட்டாமல் 5 சென்டிமீட்டர் விலகியிருக்கட்டும். தரையையும் சுவரையும் ஒட்டியிருந்தால் கரையானும் ஈரமும் அந்த வழியாகத்தான் ஏறும். நேர் வெயில் விழும் சன்னல் பக்கம் நாற்காலியைப் போடுங்கள், புத்தகத்தை அல்ல.

கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அலமாரிகள் இருந்தால் கதவைக் கழற்றி வைத்துவிடலாம்.

4. புத்தகம் வந்ததும் செய்ய வேண்டியவை

பில்லோடு ஒப்பிட்டு, பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா, அச்சாகாத வெள்ளைத் தாள் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். முத்திரை குத்திவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், ஆகவே இதுதான் முதல் வேலை. பிறகு சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, எங்கிருந்து வந்தது என்று பதியுங்கள். ஒரு பிரதிக்கு ஓர் எண். ஒரே தலைப்பில் ஐந்து பிரதி என்றால் ஐந்து எண். கழித்த புத்தகத்தின் எண்ணை மறுபடி வேறு புத்தகத்துக்குக் கொடுக்கவே கூடாது.

முத்திரை தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலும் ஒரு ரகசியப் பக்கத்திலும், அதாவது எல்லாப் புத்தகத்திலும் ஒரே எண்ணாக நூலகம் வைத்துக்கொள்ளும் உட்பக்கத்திலும், விழ வேண்டும். ரகசியப் பக்கம் 51 என்று வைத்துக்கொண்டு பிறகு விழிப்பவர்கள் பலர். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான், அதில் 51 ஏது? 17 போன்ற சிறிய எண்ணாகத் தேர்ந்தெடுங்கள்.

முதுகுச் சீட்டின் அடிவிளிம்பு புத்தகத்தின் அடியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில், எல்லாவற்றிலும் ஒரே கோட்டில் வரட்டும். ஓர் அட்டைத் துண்டை அளவாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். முதுகே இல்லாத ஒல்லிப் புத்தகத்துக்கு முன்னட்டையின் கீழ் இடது மூலை.

வகைப்பாட்டுக்கு, பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் கொடுக்கும், 1876-ல் வெளிவந்த டியூயி தசம முறையே பள்ளிக்குப் போதும். பத்துப் பெரும் பிரிவுகள். அறிவியல் 500, வானியல் 520, பாலூட்டிகள் 599, தமிழ் இலக்கியம் 894.811. ஆனால் எண்ணை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் எழுதினால் நூலகர் மட்டுமே புத்தகத்தைக் கண்டுபிடிப்பார். தமிழ்க் கதைகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருந்தால் அவை எல்லாவற்றிலும் ஒரே எண் குத்துவதில் பயனில்லை. 'கதை' என்று எழுதி ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கீழே போடுங்கள், போதும்.

அகரவரிசையில் கணினியை நம்பி மோசம் போகிறவர்கள் அதிகம். சில மென்பொருள்கள் எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் குறியீட்டு எண்ணை வைத்தே வரிசைப்படுத்தும். தமிழ் அகராதியில் 'அக்கரை' முதலில், 'அகல்' பிறகு. புள்ளி எழுத்து முந்தி வரும். குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தினால் 'அகல்' முந்திக்கொள்ளும். அகராதியில் ன கடைசி மெய் என்பதால் 'கனவு' வருவது 'கவிதை'க்குப் பின்னால். கணினியோ அதைக் 'கப்பல்' வருவதற்கு முன்பே கொண்டுபோய் வைக்கும். ஜ-வில் தொடங்கும் பெயர்களை அது ச-வுக்கு அடுத்து வைக்கும், அகராதி வழக்கிலோ கிரந்த எழுத்துகள் கடைசியில். இரண்டில் எதையும் பின்பற்றலாம், ஆனால் அலமாரியும் பட்டியலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள், அடுத்து வரும் நூலகருக்கும் தெரியட்டும்.

இனிஷியல் இன்னொரு தலைவலி. ஒரே எழுத்தாளர் ஓர் அட்டையில் இனிஷியலோடும் இன்னொன்றில் இல்லாமலும் வருவார். எப்போதும் இயற்பெயரின் முதலெழுத்தின் கீழ் அடுக்கி, இனிஷியலைப் பின்னால் தள்ளுங்கள். புனைபெயரில் எழுதுகிறவரை அட்டையில் இருக்கும் பெயரிலேயே வையுங்கள். குழந்தை தேடி வருவது அந்தப் பெயரைத்தான்.

மென்பொருள் வேண்டுமா? இரண்டாயிரம் புத்தகம் வரை ஒரு விரிதாளே தாங்கும். அதற்கு மேல் போனால் கோஹா போன்ற கட்டணமில்லாத மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் 2000-ல் பயன்பாட்டுக்கு வந்தது, தமிழ் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்கும். ஆனால் அதற்கு சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆளில்லாமல் நிறுவினால் முதல் கோளாறோடு மொத்தப் பட்டியலும் போய்விடும்.

5. என்ன வாங்குவது

நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் 2002-ல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டுதல், மாணவருக்குப் பத்துப் புத்தகம், மிகச் சிறிய பள்ளிக்கும் குறைந்தது 2,500, அதில் 60 சதவீதமாவது பாடத்தோடு தொடர்புள்ள அபுனைவு (கதையல்லாத நூல்கள்) என்று சொன்னது. இலக்காக வைத்துக்கொள்ள நல்ல எண்கள். ஆனால் எண்ணிக்கையை எட்டுவதற்காக மொத்த விற்பனைக் கட்டுகளை வாங்கிக் குவித்தால், முன்னால் கழித்ததையே மறுபடி வாங்கியதாகும்.

தொடர்கதை வரிசையில் முதல் மூன்று பாகத்தைச் சேர்த்து வாங்குங்கள். இரண்டாம் பாகம் இல்லாத வரிசையை யாரும் தொடர மாட்டார்கள். வாசலில் ஒரு விருப்பப் பெட்டி வைத்து, கேட்ட புத்தகத்தில் சிலவற்றையாவது வாங்கி, கேட்ட குழந்தைக்கே முதல் இரவலாகக் கொடுங்கள். நன்கொடைக்கு எழுதப்பட்ட விதி வேண்டும்: எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற முடிவு நூலகத்துக்கே. இல்லாவிட்டால் வீடு காலி செய்யும் ஒவ்வொருவரும் பழைய வழிகாட்டிப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள்.

6. இரவல் விதிகள்

ஒரு சின்னக் கணக்கு. நாற்பது நிமிட நூலக வேளை, நாற்பது மாணவர்கள். ஒருவருக்குப் புத்தகம் பதிந்து கொடுக்க ஒரு நிமிடம் என்றால் வேளை முழுக்க வரிசையிலேயே கரைந்துவிடும். படிக்கவோ தேடவோ பேசவோ ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. பல பள்ளிகளில் நடப்பது சரியாக இதுதான்.

இதற்கு வழி, திரும்பப் பெறுவதையும் கொடுப்பதையும் பிரிப்பது. அன்று நூலக வேளை உள்ள வகுப்பின் புத்தகங்களைக் காலையிலேயே வகுப்பறையில் ஒரு பெட்டியில் வாங்கிவிட வேண்டும். வேளைக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் வாசிப்பு, அடுத்த இருபது நிமிடம் தேடல், அதே நேரத்தில் எடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பதிந்துகொள்வது. மேல்வகுப்பு மாணவ உதவியாளர் இருவர் பதிவைப் பார்த்துக்கொண்டால் நூலகர் அலமாரிப் பக்கம் நிற்கலாம். நூலகர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டு புத்தகம், இரண்டு வாரம், யாரும் கேட்காவிட்டால் நீட்டிப்பு. சின்ன வகுப்புகளுக்கு ஒரு புத்தகம், ஒரு வாரம். தாமதத்துக்கு அபராதம் வேண்டாம். அமெரிக்க நூலகச் சங்கமே 2019-ல் அபராதத்தைச் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானம் போட்டது. கையில் காசில்லாத குழந்தை அபராதத்துக்குப் பயந்து புத்தகத்தையும் கொண்டுவராது, நூலகத்துக்கும் வராது. ஒரு புத்தகத்தோடு ஒரு வாசகரும் போய்விடுவார். தொலைந்ததற்குப் பதிலாக வேறு ஒரு புத்தகத்தை ஏற்றுக்கொள்ளலாம், அதுவும் முடியாதவருக்கு நூலகத்தில் சில நாள் அடுக்கும் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் திரும்ப வாங்கும் வாரம் ஒன்று அறிவியுங்கள், காணாமல் போனவை எங்கிருந்தெல்லாமோ வந்து சேரும்.

7. கேள்வியைக் கேட்டு வாங்குவது

குழந்தை முதலில் கேட்பது பெரும்பாலும் அதற்கு வேண்டியது அல்ல. ஒரு உதாரணம்:

"மிஸ், விலங்கு புத்தகம் இருக்கா?"

"நிறைய இருக்கே. எந்த விலங்குப்பா?"

"நாய்."

"பள்ளிக்கூட வேலைக்கா, சும்மா படிக்கவா?"

"எங்க வீட்டு நாய் குட்டி போடப்போகுது மிஸ். என்ன குடுக்கணும்னு பாக்கணும்."

முதல் கேள்வியிலேயே 599-ஐக் கைகாட்டியிருந்தால் அந்தப் பையன் சிங்கம், யானைகளைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போயிருப்பான். அவனுக்கு வேண்டியது 636.7, வீட்டு நாய் வளர்ப்பு. இரண்டும் வேறு வேறு அலமாரி.

ஆகவே மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: எதைப் பற்றி, எதற்காக, எவ்வளவு தெரிந்தால் போதும். கையால் திசை காட்டாமல் கூடவே நடந்து போங்கள். ஒன்றைத் திணிக்காமல் மூன்றை எடுத்துக் கொடுத்து, "பிடிக்காததை இங்கேயே வச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்திலேயே நின்றால் மரியாதைக்காக ஒன்றை எடுத்துப் போவார்கள், படிக்க மாட்டார்கள்.

கதைப் புத்தகம் கேட்பவரிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. "கடைசியா எதை முடிச்ச? அதுல எந்த இடம் நல்லா இருந்துச்சு?" என்று கேளுங்கள். சிரிப்பா, பயமா, வேகமா, துயரமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

உடல் மாற்றம், வீட்டுச் சண்டை, மரணம், மனச்சோர்வு பற்றிய புத்தகம் தேடுகிறவரிடம் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. அந்தத் தட்டு நூலகர் மேசைக்கு நேரெதிரே இருந்தால் யாரும் அங்கே நிற்க மாட்டார்கள், கொஞ்சம் ஒதுக்குப்புறமாக வையுங்கள். யார் எதை எடுத்தார் என்பதைச் சக மாணவருக்கோ மற்ற ஆசிரியருக்கோ பேச்சுவாக்கில்கூடச் சொல்லாதீர்கள். ஆனால் ஒரு குழந்தை தனக்கே தீங்கு செய்துகொள்ளும் என்றோ, அதற்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்றோ அறிகுறி தெரிந்தால் ரகசியம் பார்க்காமல் அன்றே பள்ளியின் ஆலோசகரிடமோ தலைமை ஆசிரியரிடமோ போக வேண்டும்.

8. தயங்கிப் படிப்பவர்கள்

ஐந்து விரல் சோதனை பலருக்கும் தெரியும்: ஒரு பக்கம் படிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம். தானே படிக்க எது தோதாக இருக்கும் என்று குழந்தை கண்டுபிடிக்க இது உதவும். தடை போட இதைப் பயன்படுத்தாதீர்கள். டைனோசர் பைத்தியம் பிடித்த குழந்தை படத்துக்காகவே கனமான புத்தகத்தைத் தூக்கிப்போகும், போகட்டும். வாசிப்பு நிலையை முதுகில் வண்ணமாக ஒட்டுவதும் வேண்டாம். 'நீ இன்னும் மஞ்சளா?' என்று பக்கத்து இருக்கை கேட்கும் முதல் நாளோடு அந்தத் தட்டு காலியாகக் கிடக்கத் தொடங்கும்.

படக்கதை, விளையாட்டு இதழ், விடுகதைத் தொகுப்பு எல்லாம் வாசிப்புதான். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ளவருக்கு ஒலிப் புத்தகத்தையும் அச்சுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் பின்தொடரலாம். தமிழில் சுழியும் கொம்பும் நெருங்கி வருவதால் சின்ன எழுத்தில் ண-வும் ன-வும் குழம்பும். பெரிய எழுத்து, அகல இடைவெளி உள்ள பதிப்புகளைத் தனியே குறித்து வையுங்கள். பார்வைக் குறைபாடோ அச்சைப் படிக்க இயலாத வேறு குறைபாடோ உள்ளவருக்காக நூல்களை மாற்று வடிவில் ஆக்கிப் பகிர, 2013-ல் ஏற்கப்பட்டு 2016-ல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை வழி செய்கிறது. உங்கள் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அது எப்படி இடம்பெற்றிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உரக்க வாசித்தல் இவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வேண்டும். பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். முந்தின நாளே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் உரையாடலில் யார் பேசுகிறார் என்று உங்களுக்கே தட்டும். படப் புத்தகத்தை மார்புக்குப் பக்கவாட்டில், தோள் உயரத்தில் பிடியுங்கள். சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் புத்தகத்தின் இரண்டு மூன்று பிரதிகளை மேசையில் வைத்துவிட்டால் மீதி வேலையை ஆவல் பார்த்துக்கொள்ளும்.

9. செயல்திட்டப் பாடங்கள்

நூலகருக்கும் ஆசிரியருக்கும் நடக்கும் மனத்தாங்கலில் பாதி இதில் பிறப்பது. திங்கட்கிழமை காலை நாற்பது பேர் ஒரே தலைப்போடு வருவார்கள், அலமாரியில் இருப்பதோ மூன்று புத்தகம். இரண்டு வாரத்துக்கு முன்பே ஆசிரியரிடமிருந்து ஒரு சிறு படிவம் வாங்குங்கள்: எந்த வகுப்பு, எத்தனை பேர், தலைப்பு, எத்தனை பக்கம், என்றைக்கு முடிய வேண்டும். 'நீர்' என்ற ஒரே தலைப்பை நிலத்தடி நீர், ஆவியாதல், அணை, நீரால் பரவும் நோய், மழைநீர் சேகரிப்பு என்று எட்டாகப் பிரித்தால் புத்தகமும் போதும், எழுதுவதும் ஒன்றுபோல் இருக்காது. தொடர்புள்ள நூல்களை அந்த இரண்டு வாரத்துக்கு வெளியே கொடுக்காமல் ஒரு தனித் தட்டில் வையுங்கள்.

மாணவர் தகவல் தேடும்போது என்ன உணர்கிறார் என்று ஆராய்ந்த கரோல் கூல்தாவு அதை ஆறு கட்டங்களாகப் பிரித்தார்: தொடக்கம், தலைப்புத் தேர்வு, துழாவல், கவனத்தைக் குவித்தல், சேகரித்தல், வழங்குதல். இதில் நூலகருக்கு மிகவும் பயன்படும் செய்தி மூன்றாவது கட்டம் பற்றியது. தலைப்பு கிடைத்த மகிழ்ச்சி போய், படிக்கப் படிக்கக் குழப்பம் கூடி, தன்னம்பிக்கை இறங்கும் இடம் அது. இணையத்திலிருந்து அப்படியே அள்ளி ஒட்டும் ஆசை வருவதும் பெரும்பாலும் அங்கேதான். இரண்டாம் நாளே ஒவ்வொருவரிடமும் போய் "உன் கேள்வி என்ன, ஒரே வரியில சொல்லு" என்று கேளுங்கள். வரி வரவில்லை என்றால் அவருக்கு இன்னும் புத்தகம் வேண்டாம், ஐந்து நிமிடப் பேச்சு வேண்டும்.

தேடுசொல்லைத் தமிழில் அமைப்பது தனிப் பாடம். 'மரங்களின் பயன்களை' என்று தட்டினால் கிடைக்காதது 'மரம் பயன்' என்று தட்டினால் கிடைக்கும். வேற்றுமை உருபையும் பன்மையையும் கழற்றிவிட்டுத் தேடப் பழக்குங்கள். பிறமொழிப் பெயருக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலை முயல வேண்டும்: ஐன்ஸ்டைன், ஐன்ஸ்டீன். ஒரே பொருளுக்குப் பாடநூல் ஒரு சொல்லும் செய்தித்தாள் வேறு சொல்லும் வைத்திருக்கும், இரண்டையும் எழுதிக்கொண்டு தொடங்கட்டும்.

குறிப்பெடுக்கத் தாளை மூன்று பத்தியாக மடிக்கச் சொல்லுங்கள்: எங்கிருந்து, அது என்ன சொல்கிறது, எனக்கு என்ன தோன்றுகிறது. நடுப் பத்தியை எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்து எழுதினால் கை தானாகவே வரியைப் பெயர்த்துவிடும்.

10. இணையத்தைச் சோதிப்பது

பக்கம் அழகாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பழைய சரிபார்ப்புப் பட்டியல்கள் இன்று உதவுவதில்லை. பொய்ப் பக்கமும் அழகாகத்தான் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தபோது, தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் புதிய பக்கம் ஒன்றைத் திறந்ததும் அதிலேயே உழன்றுகொண்டிருக்கவில்லை. உடனே வேறு தாவல்களைத் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர். இருபது நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம்: இரண்டு பக்கங்களைக் கொடுத்து, அவற்றுக்குள் படிக்கத் தடை போட்டு, வெளியே தேடி மட்டுமே எது நம்பத்தக்கது என்று முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத நூலையும் இல்லாத கட்டுரையையும் ஆண்டு, பக்க எண்ணோடு சொல்லும். இதை அறிவுரையாகச் சொல்வதைவிடச் செய்து பார்க்க விடுவது நல்லது. ஒரு தலைப்பில் பத்து நூல் பெயர்களை அதனிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலிலும் பதிப்பகத் தளத்திலும் தேடச் சொல்லுங்கள். எத்தனை உண்மையில் இருக்கின்றன என்று மாணவர்களே எண்ணிக்கொள்வார்கள்.

11. பழுது, பூச்சி, ஈரம்

செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் மஞ்சளித்து, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். கழன்ற தாளுக்கு, உள்விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் பிவிஏ எனப்படும் வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, இடத்தில் பொருத்தி, இருபுறமும் மெழுகுத் தாள் வைத்து, கனமான ஒன்றின் அடியில் ஓரிரவு விடுங்கள். பசை கூடினால் பக்கம் விறைத்து மறுபடி கிழியும்.

நனைந்த புத்தகத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடலாம். வெயிலில் போடாமல், நிற்க வைத்து, விசிறிக் காற்றில், பக்கங்களுக்கிடையே உறிஞ்சு தாள் செருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பூச்சி விழுந்ததைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும்.

12. ஆண்டு இறுதி

இருப்பு சரிபார்க்க நூலகத்தை ஒரு மாதம் மூடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தேவையே இல்லை. அலமாரி வாரியாக, நாளுக்கு இரண்டு தட்டு என்று வைத்துக்கொண்டால் திறந்திருக்கும்போதே முடியும். காணாததை உடனே தொலைந்ததாக எழுதாதீர்கள். முதல் ஆண்டு 'காணவில்லை', அடுத்த சரிபார்ப்பிலும் வராவிட்டால் 'தொலைந்தது'. தவறான தட்டிலிருந்தும் ஆசிரியர் அறை மேசையிலிருந்தும் கணிசமானவை திரும்பிவிடும்.

தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் அறிக்கை ஒரே பக்கமாக இருக்கட்டும்: மாணவருக்குச் சராசரி இரவல் போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு; ஒரு புத்தகமும் எடுக்காதவர்கள் வகுப்புவாரியாக எத்தனை பேர்; எத்தனை பாடங்கள் ஆசிரியரோடு சேர்ந்து நடத்தப்பட்டன; கேட்டும் இல்லாமல் போன தலைப்புகள் எவை; எத்தனை தொலைந்தன, முதலில் ஒப்புக்கொண்ட சதவீதத்துக்குள் அது இருக்கிறதா. தொலைந்தவற்றின் பட்டியலைத் தனியே எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அதில் பெரும்பாலும் பள்ளியின் மிகப் பிரியமான புத்தகங்கள்தான் இருக்கும். அடுத்த ஆண்டு வாங்க வேண்டியவற்றின் முதல் வரிசை அதுவே.